பாத்திரத்துக்கு என்ன குறை?

இந்த வாரம் மனசு நிறைந்திருக்கிறது. மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா பேத்தி, எட்டாம் வகுப்புப் படிப்பவள், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “சின்னத் தாத்தா, இது என் ஓ.சி. படிச்சுட்டுச் சொல்லுங்க.” பத்தியில் எழுதலாமா என்று கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகள் இணையத்தில் கூடி மாயாஜாலக் கதை ஆடுகிறார்கள். ஒருவர் தன் பாத்திரமாக நின்று நாலு வரி எழுதினால், அடுத்தவர் தன் பாத்திரமாக நின்று பதில் எழுதுவார். கதை அப்படியே வளரும். முடிவு யாருக்கும் தெரியாது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியில் வந்த விளையாட்டு இது. இதில் சேர, ஆளுக்கொரு பாத்திரத்தைச் சொந்தமாகப் படைக்க வேண்டும். அதைத்தான் ஓ.சி. என்கிறார்கள். போனும் கையுமாக இருக்கிறாள் என்று வீட்டில் திட்டு விழுகிறது. அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் ஐயா, விடுங்கள்!

நோட்டில் இருந்தவள் வெள்ளி முடிக்காரி. இரட்டை வாள். நெருப்பும் பனியும் சொன்னபடி கேட்கும். குடும்பத்தையே டிராகன் கொன்றுவிட்டது, அதனால் யாரையும் நம்ப மாட்டாள். தோற்றதே இல்லை. கண்ணின் நிறத்துக்கு மட்டும் அரைப்பக்கம். நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் அவள் வருத்தம் வேறு: “என் ஆளோட யாருமே பேச மாட்டேங்கிறாங்க, தாத்தா.”

இந்த ஒரு வாக்கியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கல்கியிடம்தான், அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ நாவலிடம்தான்.

ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் ஒருவன் குதிரையில் வருகிறான். இன்று சென்னைக்குக் குடிநீர் வருகிறதே, அதே வீராணம்தான். வந்தியத்தேவனிடம் என்ன இருக்கிறது? வாணர் குலத்துப் பெயர் இருக்கிறது, நாடு போய்விட்டது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் தந்தை சுந்தர சோழருக்கும் தங்கை குந்தவைக்கும் கொடுத்தனுப்பிய ஓலைகள் இருக்கின்றன. அவசரப்பட்டு வாயைவிடும் குணம் இருக்கிறது. சுந்தர சோழரிடம் ‘அபாயம்’ என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையரிடம் ‘அபயம்’ என்றேன் என்று சமாளிக்க வேண்டிய நிலைக்கு அந்த வாய்தான் அவனைக் கொண்டுவிடுகிறது. இலங்கைக்குப் போக வேண்டும், ஆனால் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் கோடிக்கரையில் பூங்குழலிக்கும் அவள் படகுக்கும் கதையில் வேலை வருகிறது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தால் பூங்குழலி எதற்கு? வீர வைணவன் ஆழ்வார்க்கடியான்தான் எதற்கு?

இத்தனைக்கும் கல்கி கையில் இருந்தது ஒரு பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. அந்தப் பெயருக்குத்தான் 1950இல் தொடங்கி 1954 வரை, வாராவாரம் உயிர் கொடுத்தார். ஓவியர் மணியம் அதற்கு முகம் கொடுத்தார்.

நந்தினிக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. வீராணத்தை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானவர்களைச் சொல்லி, அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்கிறது. ஏன் கொன்றார்கள் என்று அது சொல்லவில்லை. அந்த ‘ஏன்’ இருந்த இடத்தில் கல்கி ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவளுக்கு இரட்டை வாள் தேவைப்படவில்லை. கரிகாலனிடம் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று போதுமானதாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவன் சேந்தன் அமுதன். மக்கள் வேண்டியும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை, பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி அரியணையை ஏற்கவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஏன் விட்டுக்கொடுத்தான்? கல்கி தந்த பதில் இந்தப் பூக்காரப் பையன்; கதையில் உத்தம சோழனாக முடிசூடுபவன் இவன்தான். வாய் பேசாத தாய், கையில் பூக்குடலை, நாவில் தேவாரம். உத்தம சோழன் கதையில் வரலாறு விட்டுவைத்த இடத்தை இப்படி நிரப்ப எத்தனை பேருக்குத் தோன்றும்?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முன்பும் எழுதினேன், இன்னும் எழுதுவேன். சுருக்கப் பதிப்புகள்! ஐந்து பாகத்தை இருநூறு பக்கத்துக்குள் அடைக்கும்போது யார் முதலில் போகிறார்கள்? அமுதன்தான். ஆழ்வார்க்கடியான் சைவர்களோடு போடும் சண்டை போகிறது. பூங்குழலி ஒரு படகோட்டியாகச் சுருங்கிப்போகிறாள். யார் யாரைக் கொன்றார், யார் முடி சூட்டிக்கொண்டார் என்ற தகவல்தான் மிஞ்சும். அதைத் தெரிந்துகொள்ள வரலாற்றுப் பாடப் புத்தகம் போதுமே, கல்கி எதற்கு? பரிசுக்கென்று பள்ளிகள் இவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பேத்தியிடம் சொன்னேன்: உன் வெள்ளி முடிக்காரிக்கு எல்லாம் இருக்கிறது, அதனால்தான் அடுத்தவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவளுக்கு என்ன தெரியாது? யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள்? எதைச் சொல்லப் பயப்படுகிறாள்? இதை முதலில் எழுது, கண்ணின் நிறம் பிறகு பார்க்கலாம். மற்றவர் ஆடும் பாத்திரத்தையும் தானே ஆட்டிவைப்பதை அந்த விளையாட்டில் ‘காட்மோடிங்’ என்பார்களாம், அது கூடாதாம். எனக்கு ரொம்பப் பிடித்த விதி. 

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளை பாத்திரம் எழுத உட்கார்ந்திருந்தால் நோட்டைப் பிடுங்காதீர்கள். பொன்னியின் செல்வனை வாங்கிக் கொடுங்கள், முழுப் பதிப்பாக. ஐந்தும் ஒரே சமயத்தில் வேண்டாம், முதல் பாகம் போதும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் மலிவு விலையிலேயே முழுப் பதிப்பு கிடைக்கிறது.