பழி இயந்திரத்தின் மீதா?

அமெரிக்காவில் சொந்தக் கொட்டகையில் விமானம் கட்டுவோர் சிலர், மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார்களில் வந்த 13பி றோட்டரி இயந்திரத்தை அதிற் பொருத்துகின்றனர். மேலேறும்போது அது கொதித்துவிட்டால், "றோட்டரி விமானத்துக்கு ஆகாது" என்று தீர்ப்பெழுதுகின்றனர். நான் கலைப் பட்டதாரி, எந்திரவியல் கற்றவனல்லன். ஆயினும் குற்றவாளி தப்ப, அகப்பட்டவன் தண்டிக்கப்படும் வழக்குகளைப் பத்திரிகையில் எழுதிப் பழகியவன். இதுவும் அத்தகைய வழக்கே.

இவ்வியந்திரத்தின் சுழலும் பாகத்தை எண்ணெய்தான் குளிர்விக்கிறது. குளிரூட்டிகள் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எண்ணெயில் வருகிறது. தண்ணீருக்குப் பெரிய றேடியேற்றரும் எண்ணெய்க்குப் பெயரளவில் ஒன்றும் வைத்தது யார்? இயந்திரமா?

கொதித்ததும் காற்று புகும் வாயை அகல வெட்டுகின்றனர். உட்புகுந்த காற்று வெளியேற வழி சரியில்லையெனில் அகன்ற வாய் இழுவையைத்தான் கூட்டும். சிறுவாயிற் புகும் காற்று, படிப்படியாக விரியும் குழாயில் வேகம் தணிந்து, அழுத்தம் கூடி, றேடியேற்றர் முழுவதும் சீராகப் பரவ வேண்டும். பின் ஒடுங்கும் வழியால் விரைந்து வெளியேற வேண்டும். பிரித்தானியர் மெரிடித் 1930களில் விளக்கிய பாடம் இது. 1940இல் முதன்முதல் பறந்த மஸ்டாங் போர் விமானம் அதற்குச் சாட்சி.

முழு விசையும் குறைந்த வேகமும் சேர்வது ஏற்றத்திலேயே. அங்கே அதிவெப்பத்தில் அலுமினிய உறை கோணி, நீர்காக்கும் வளையங்கள் கெட்டால், விமானியின் உயிரே பணயம். தெருவிற் கார் கொதித்தால் ஓரங்கட்டலாம், ஆகாயத்தில் ஓரமேது? குழாயைத் திருத்துங்கள், பிறகு இயந்திரத்தை விசாரிக்கலாம்.