காயலான் கடைக்கா?

போன கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். உத்தியோகஸ்தர், நாள் தவறாமல் பத்திரிகை படிக்கிறவர். மகனைப் பற்றிப் புகார்.

"பெரியவ பிளஸ் டூ படிக்கிறப்போ கவர்ன்மெண்டுல குடுத்த லாப்டாப் சார். அதைத் தூக்கி வெச்சிக்கிட்டு இவன் ராத்திரியெல்லாம் சுட்டுக்கிட்டே இருக்கான். காயலான் கடையில போட்டுடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை புத்தி சொல்லணும்."

எழுதுகிறவன் என்றால் புத்தி சொல்லவும் கடமைப்பட்டவன் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. நானும் போனேன். திரும்பி வரும்போது, யாருக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்கிற விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறியிருந்தது.

பையன் ஆடிக்கொண்டிருந்தது 'டூம்' என்கிற ஆட்டம். 1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது; பையனைவிட வயதில் மூத்தது. துப்பாக்கியோடு இருட்டறைகளுக்குள் நுழைந்து பேய்களைச் சுட வேண்டும், கதை அவ்வளவுதான். ஆனால் அவன் திரையில் பேயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எங்கள் தெரு இருந்தது! பேய்கள் வரவேண்டிய இடத்தில் ஆள் உயரக் கொசுக்கள். கையில் கொசு பேட். தெருக்கோடியில், வானத்தில் மலை. திரும்பினேன், அந்தப் பக்கமும் மலை.

"வானத்துக்கு ஒரே படம்தான் மாமா. அதையே நாலு தரம் சுத்திப் போட்டுடும்" என்று சிரித்தான்.

கோபுரம் ஏன் சுவரில் எழுதின படம் மாதிரி நிற்கிறது என்று கேட்டேன். பழைய டூமில் ஒரு தளத்தின்மேல் இன்னொரு தளம் கட்ட முடியாதாம். ஓர் இடத்துக்கு ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம். அதற்கு மேல் கிடையாது. பதினொரு நிலைக்கு எங்கே போவது? மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் படமாக வரைந்து நிறுத்தியிருக்கிறான். அந்த மூன்று வாரத்துக்குத்தான் தகப்பனார் 'சுட்டுக்கிட்டே இருக்கான்' என்று பெயர் வைத்தார். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

இப்படித் திருத்துவதை ஆட்டக்காரர்கள் 'மாட்' என்கிறார்கள். இது திருட்டுக் காரியமல்ல. டூமின் நிரலை எழுதியவர்களில் முதல்வரான ஜான் கார்மாக், ஆட்டத்தை ஓட்டும் நிரலை ஒரு பக்கமும், அறைகள், படங்கள், ஓசைகள் ஆகியவற்றை 'வாட்' என்னும் தனிக் கோப்பிலுமாகப் பிரித்து வைத்தார். பிறர் மாற்றிப் பார்க்கட்டும் என்றே வைத்தார். மூலக் கோப்பைத் தொடாமல் நம் கோப்பை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். 1997 டிசம்பரில் நிரலையே உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது லினக்ஸில் ஓடும் வடிவத்தை. 1999-இல் அது கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. படமும் ஓசையும் மட்டும் விலைச் சரக்காகவே நின்றதால், 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் கூடி அவற்றையும் புதிதாகச் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

'பழசு, எதற்கும் உதவாது' என்று நண்பர் ஒதுக்கிய இயந்திரத்துக்கு வருவோம். டூம் பிறந்தபோது கேட்ட நினைவகம் 4 எம்.பி. இந்த மடிக்கணினியில் இருப்பது 2 ஜி.பி.; ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு! 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் வந்தது அது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. பெட்டியோடு அதன் சாவியையும் பிள்ளைகள் கையில் கொடுத்தது போல. எத்தனை வீட்டில் அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தோம்? சினிமா பார்த்தோம், அலுத்ததும் பரணில் போட்டோம். இன்று ஒரு பையன் திறந்து பார்த்தால் 'கெட்டுப் போனான்' என்கிறோம்.

'என்ன இருந்தாலும் சுடுகிற ஆட்டம்தானே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் ரத்தம் பிடிக்காது. ஆனால் 1996-இல் அமெரிக்காவில் ஒரு காலையுணவுக் கம்பெனி தன் தானியப் பெட்டிக்குள் இலவசமாக ஓர் ஆட்டம் வைத்தது. அதுவும் டூம்தான். அங்கே யாரும் சாவதில்லை. பச்சை நிறச் சளிப் பிராணிகளை, அவை வந்த உலகத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கொலை பிடிக்கவில்லையென்றால் கொலையை எடுத்துவிடலாம். திறந்து கிடக்கிற ஆட்டத்தில் மட்டுமே அது சாத்தியம்.

நண்பரின் கைபேசியிலும் ஓர் ஆட்டம் உண்டு. மிட்டாய்களை அடுக்கி உடைப்பது. நான் புத்தி சொல்லப் போன அன்றும் அவர் அதில்தான் மூழ்கியிருந்தார். அதில் ஒரே ஒரு மிட்டாயின் நிறத்தை மாற்ற அவருக்கு அனுமதி உண்டா? கிடையாது. நேரத்தைக் கொடுக்கலாம், கேட்கும்போது காசையும் கொடுக்கலாம். அது பொழுதுபோக்காம், மகன் செய்வது வெட்டி வேலையாம்!

ராத்திரி விழிப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதற்காகப் பையனைக் கடிந்துகொண்டுதான் வந்தேன். ஆனால் 'படிப்பு கெடுகிறது' என்கிற புலம்பலை ஏற்க மாட்டேன். அளவு கணக்கு, சித்திரம், ஆங்கிலத்தில் நீண்ட குறிப்புகளைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்வது, தப்பு எங்கே என்று தேடிப் பிடிப்பது, இவையெல்லாம் படிப்பில்லை என்றால் நாம் எதைப் படிப்பு என்கிறோம்?

நம் ஊர்க் கோயிலையே பாருங்கள். ஒரே அரசன் ஒரே மூச்சில் கட்டியதா அது? சோழர் காலத்துக் கோயிலுக்கு, 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபம் சேர்த்தார். அவர் தொடங்கிய ராஜகோபுரத்தைத் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தார். பின்னால் வந்தவன் ஒவ்வொருவனும் முன்னால் இருந்ததன்மேல் தன் பங்கைச் சேர்த்தான். 'பழைய கோயிலில் உனக்கென்ன வேலை?' என்று யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அந்தக் கோபுரத்தை அண்ணாந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்கி எடைக்குப் போடுகிறோம்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். "உங்களைப் புத்தி சொல்லக் கூப்பிட்டேன் பாருங்க" என்றார். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மடிக்கணினியை மட்டும் விற்கவில்லை என்று கேள்வி. எனக்கு அது போதும்.