பேக்கப் இருக்கு, சரி... திரும்பி வருமா?

"எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்கா பண்ணிட்டா, டேட்டாபேஸ் அட்மின் எதுக்கு?" என் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு நான் சொல்வது, 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்த கதை.

கிட்லேப், புரோகிராமர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளம். அன்று அதன் துணை டேட்டாபேஸ், முதன்மை டேட்டாபேஸுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிவிட்டது. துணை சர்வரில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று ஓர் இன்ஜினியர் இறங்கினார். இரவு நேரம், களைப்பு வேறு. அழிக்கும் கட்டளையைத் தட்டியது முதன்மை சர்வரில்! ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிச்சம் 4.5 ஜிபிதான்.

"மனுஷன் கை வெச்சா இப்படித்தான்"னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

தினமும் தானாகவே பேக்கப் எடுத்து அமேசான் எஸ்3-யில் போடும் ஏற்பாடு அங்கே இருந்தது. போய்ப் பார்த்தால், காலி! அவர்களின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்க ஓடிய கருவியோ 9.2. இரண்டும் ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல மின்னஞ்சலும் கிளம்பியிருக்கிறது. முறையான கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் அதை ஏற்கவில்லை. ஆக, மெஷின் கத்தியது; யார் காதிலும் விழவில்லை.

கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? வேறொரு வேலைக்காக, ஆறு மணி நேரம் முன்பு அதே இன்ஜினியர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதை வைத்துத் தளத்தை மீட்கச் சுமார் 18 மணி நேரம் ஆனது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

அதனால் கையா, மெஷினா என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். பேக்கப் எடுப்பது மெஷின் வேலை. அதற்கு மறதி இல்லை, லீவும் இல்லை. எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டுப் பார்ப்பதையும் மெஷினிடமே ஒப்படைக்கலாம். ஆனால் அது ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிக்க, பேர் சொல்லி ஓர் ஆள் வேண்டும். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: "தோத்துப்போச்சு"ன்னு மெயில் வரும்னு காத்திருக்காதீங்க. "நல்லபடியா முடிஞ்சது"ன்னு மெயில் வராத அன்னிக்கே எழுந்து போய்ப் பாருங்க.

இது பெரிய கம்பெனி விவகாரம் மட்டுமல்ல. நம்ம தமிழ்ப் பள்ளி மாணவர் பட்டியல், சங்கத்தின் உறுப்பினர் கணக்கு எல்லாம் பெரும்பாலும் யாரோ ஒரு தன்னார்வலரின் பொறுப்பில்தான் ஓடுகிறது. அடுத்த கமிட்டி கூட்டத்தில், "பேக்கப் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இருக்கு"ன்னுதான் பதில் வரும். "கடைசியா எப்போ திருப்பி எடுத்துப் பார்த்தோம்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அந்த வாரமே ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.