கம்ப்யூட்டர் பார்க்க ஆள் போடலாமா, ஏ.எம்.சி. போதுமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் கேட்டார்: “ஏனுங்க, கம்ப்யூட்டர் பாக்கறதுக்குன்னு ஒரு பையனச் சம்பளத்துக்குப் போட்டுக்கலாமுங்களா, இல்ல இப்ப வர்ற ஏ.எம்.சி.காரங்களே போதுமுங்களா?”

அவருடைய ஆபீஸ், குடோன், பேக்கிங் எல்லாம் சேர்த்து இருபது கம்ப்யூட்டர் இருக்கும். கணக்கு மென்பொருளான டேலி ஓடும் சர்வர் ஒன்று, பார்கோடு பிரிண்டர்கள், விரல் வைத்து வருகை பதியும் கருவி, கேமராக்கள். கோவையில் பம்ப் செய்கிறவர், சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர், நாமக்கல்லில் லாரி ஆபீஸ் நடத்துகிறவர் என்று இந்த அளவில் தொழில் செய்யும் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வருகிறது. பெரும்பாலும் கம்ப்யூட்டர் நின்றுபோன மறுநாள் வருகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது, முப்பது கம்ப்யூட்டருக்குத் தனி ஆள் வேண்டியதில்லை, வேலையை ஏ.எம்.சி.யாக, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமாக, வெளியே கொடுக்கலாம். ஆனால் இன்று நம் ஊர்க் கம்பெனிகள் கொடுத்துவைத்திருக்கிற விதத்தில் கொடுக்கக் கூடாது.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் கணக்கு ஒருநாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதி லாரியை அனுப்பிவிடலாம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. 2020 அக்டோபரில் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயம். இந்தக் கம்பெனிகள் இன்னொரு தொழிலுக்குப் போடும் பில்லில் அரசு இணையதளம் தரும் ஐ.ஆர்.என். எண் இல்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அது பில்லே இல்லை. குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டிய சரக்கு என்றால் இ-வே பில் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து அந்தத் தளங்களில் நுழைய எல்லோருக்கும் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சோதனையும் உண்டு. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது சர்வர் எழுந்திருக்கவில்லை என்றால் நிற்பது வியாபாரம். ஆகவே “கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை” என்று நாம் லேசாகச் சொல்வதன் கனம் இந்தச் சில ஆண்டுகளில் பல மடங்கு கூடிவிட்டது.

சரி, ஆளைப் போட்டால் என்ன ஆகும்? மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பங்காக ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், பி.எஃப்., தீபாவளி போனஸ் எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு இரண்டே முக்கால் லட்சத்தைத் தாண்டும். பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இருபது கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் ஒருவருக்கு நாள் முழுக்க அந்த வேலை இருக்காது. மீதி நேரத்தில் கூரியர் ஆபீசுக்கு அனுப்புவார்கள், கேமரா பதிவைத் தேடச் சொல்வார்கள், முதலாளி வீட்டு டி.வி.யில் வைஃபை வரவில்லை என்று அங்கேயும் அனுப்புவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள மேலே ஒரு சீனியர் கிடையாது. சுட்டியான பிள்ளையாக இருந்தால் ஓரிரு வருடத்தில் கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். அவர் போவதுதான் நியாயம், அவருடைய வாழ்க்கை அங்கே இருக்கிறது. ஆனால் போகும்போது எந்த வயர் எங்கே போகிறது, எந்த பாஸ்வேர்டு எதற்கு என்ற அறிவு முழுவதும் அவரோடு போய்விடும். அவர் இருக்கும்போதே காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தாலும் நிலைமை அதுதான்.

அடுத்து ஏ.எம்.சி. இதில் இரண்டு வகை என்பது தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரியும். உதிரிபாகமும் சேர்ந்தது காம்ப்ரிஹென்சிவ், கைவேலை மட்டும் என்றால் நான்-காம்ப்ரிஹென்சிவ். இந்த வித்தியாசத்துக்காக மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள், ஒப்பந்தத்தில் அதைவிட முக்கியமான ஒரு வரியைப் படிப்பதில்லை. “நான்கு மணி நேரத்தில் வருவோம்” என்று எழுதியிருக்கும். வருவதற்குத்தான் கெடு, சரிசெய்வதற்கு எந்தக் கெடுவும் இருக்காது. இன்ஜினியர் சொன்ன நேரத்துக்கு வந்து பார்த்து, “எஸ்.எஸ்.டி. போயிருச்சுங்க, ஆர்டர் போடணும்” என்று சொல்லிவிட்டுப் போனாலும் ஒப்பந்தம் நிறைவேறியதாகவே கணக்கு.

அந்த இன்ஜினியரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. டிப்ளமா முடித்த இளைஞர், சொந்த பைக், ஒரு நாளில் எத்தனையோ படியேறி இறங்க வேண்டும். திருப்பூரில் பஞ்சுத் தூசி சி.பி.யு. ஃபேனை அடைத்துவிடும், அதை ஊதிச் சுத்தம் செய்யவே பாதி நேரம் போய்விடும். எல்லாரையும்விடக் குறைந்த ரேட் சொன்னவருக்கு ஏ.எம்.சி. கொடுத்தால், அந்தக் குறைவு இவருடைய சம்பளத்திலிருந்தும், நமக்கு ஒதுக்கும் நேரத்திலிருந்தும்தான் வரும். கொடேஷனில் கடைசி ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதல் தரமான வேலையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உள்ளே ஆளா, வெளியே ஆளா என்று இவ்வளவு விவாதிக்கிற முதலாளிகள், இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கம்பெனியின் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மெயிலின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம்? ரௌட்டர் பாஸ்வேர்டு? டேலி லைசென்ஸ் எந்த மெயில் முகவரியில் இருக்கிறது? ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. யாருடைய போனுக்குப் போகிறது? டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் மேஜையில் கிடக்கிறதா? இந்த ஆறுக்கும் உடனே பதில் சொல்லும் சிறு முதலாளிகள் மிகக் குறைவு. வெப்சைட் செய்துகொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனை வாங்கியிருப்பார். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, அன்றைக்கு அது சுலபமாக இருந்திருக்கும். பிறகு அவருடன் மனஸ்தாபம் வரும்போதுதான், கம்பெனியின் பெயர்ப்பலகையே அவர் கையில் இருப்பது தெரியவரும்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2008 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியில் நடந்தது இது. அந்த நகர நிர்வாகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்ட டெர்ரி சைல்ட்ஸ் என்ற ஊழியர், பாஸ்வேர்டுகளை மேலதிகாரிகளிடம் தர மறுத்தார். கைது செய்து சிறையில் வைத்தும் தரவில்லை. கடைசியில் மேயர் கவின் நியூசம் சிறைக்கே போய்ப் பார்த்தபோதுதான் அவரிடம் கொடுத்தார். 2010-ல் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பாஸ்வேர்டு தராத அத்தனை நாளும் நெட்வொர்க் ஒழுங்காகவே ஓடியது, ஆனால் அதில் கைவைக்க வேறு எவராலும் முடியவில்லை. அவ்வளவு பெரிய நகரமே ஓர் ஊழியரின் நினைவை நம்பி இருந்திருக்கிறது.

வெளியே கொடுப்பதிலும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. ஒரே சர்வீஸ்காரர் நூறு கம்பெனிகளுக்குள் நுழையும் வழி வைத்திருப்பார். அவர் வீட்டில் திருடன் புகுந்தால் நூறு வீடும் திறந்துகொள்ளும். 2021 ஜூலை 2-ம் தேதி கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் வழியாக இது நடந்தது. ஐ.டி. பராமரிப்பு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து கவனிக்க அதைப் பயன்படுத்தின. நேரடியாகப் பாதிக்கப்பட்ட பராமரிப்பு நிறுவனங்கள் சில டஜன்தான். அவர்களை நம்பியிருந்த சிறு கம்பெனிகள் 1,500 வரை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் சிக்கின. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடைத் தொடரின் பில்லிங் நின்று, நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2024 ஜூலை கடைசியில் வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானபோது, அதன் சேவையை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகள் பணப்பரிவர்த்தனை வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. அந்தச் சிறு வங்கிகள் வெளியே கொடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தமாக அந்த வசதியைக் கட்ட அவற்றால் முடியாது. அடுத்தவர் வீழ்ந்தால் நாம் ஒருநாள் எப்படிச் சமாளிப்போம் என்ற ஏற்பாடு மட்டும் கையில் இருக்க வேண்டும்.

நம் ஊர் அளவிலும் இதே ஆபத்து உண்டு. முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று கேட்பார். சர்வீஸ்காரர் ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டு, கம்பெனி பெயரோடு 123 சேர்த்து பாஸ்வேர்டு வைத்துவிடுவார். ரான்சம்வேர்காரர்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருப்பது இந்த வாசலைத்தான். உள்ளே வந்து டேலி டேட்டாவைப் பூட்டுவார்கள். பேக்கப்? அதே சர்வரின் டி டிரைவில் இருக்கும், அதையும் சேர்த்தே பூட்டிவிடுவார்கள். வேறு இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும், அதிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதே இல்லை.

நண்பரிடம் நான் சொன்ன வழி புதிதே இல்லை. கணக்கு விஷயத்தில் நாம் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறோம். ஆடிட்டர் வெளியே இருக்கிறார், அவரைச் சம்பளத்துக்கு வைப்பதில்லை. ஆனால் உள்ளே கணக்கு பார்க்கும் ஒருவர் இருக்கிறார். ஆடிட்டர் கேட்டதைக் கொடுப்பதும், ஆடிட்டர் செய்ததைச் சரிபார்ப்பதும் இவர் பொறுப்பு. கம்ப்யூட்டருக்கும் உள்ளே அப்படி ஒருவர் வேண்டும், ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவர். நான் பார்த்த கம்பெனிகளில் பெரும்பாலும் அது அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்காதான். பிரிண்டர் ஏன் அடிக்கவில்லை, எந்த சிஸ்டம் அடிக்கடி நிற்கிறது, எத்தனை மணிக்கு போன் செய்தோம், எப்போது வந்தார்கள் என்று எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த வேலையை அவர் பல வருடமாகச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார். அதை வெளிப்படையாக அவர் பொறுப்பாக்கி, வாரத்தில் அரை நாள் அதற்கென்று ஒதுக்கி, சம்பளத்தையும் உயர்த்துங்கள். பாஸ்வேர்டுகளை எழுதி உறையிலிட்டு முதலாளியின் பீரோவில் இன்னொரு பிரதி வையுங்கள். ஏ.எம்.சி.காரர் கம்பெனிக்குள் நுழைவது அந்த அக்காவுக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கையாளும் வேலையை நீங்கள் யாரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது அந்தச் சட்டம். தொழிலாளியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உங்கள் சர்வரில்தானே இருக்கின்றன? தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. அந்த ஆறு மணி நேரமும் ஏ.எம்.சி.காரர் போனை எடுக்கவில்லை என்றால், யார் தெரிவிப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

எந்தக் கட்டத்தில் சொந்த ஆள் போடலாம்? கம்ப்யூட்டர் ஐம்பதைத் தாண்டி, இரவு ஷிப்டிலும் உற்பத்தி சாஃப்ட்வேர் ஓடி, ஒரு மணி நேரம் நின்றால் லைனே நிற்கும் என்ற நிலை வந்ததும் போடலாம். அப்போதும் ஒருவரை மட்டும் போட வேண்டாம், வெளியே ஒரு நிறுவனமும் துணைக்கு இருக்கட்டும். அந்தக் கட்டத்துக்கு வராதவர்கள் ஒரே சந்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நல்ல சம்பளத்தில் ஓர் இன்ஜினியரைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. ஒவ்வொரு சாயப்பட்டறையும் தனியாகக் கட்ட முடியாத சுத்திகரிப்பு நிலையத்தைப் பல பட்டறைகள் பங்கு போட்டுக் கட்டி நடத்துகிற ஊர் திருப்பூர். அவ்வளவு பெரிய செலவில் கூடி நிற்க முடிந்தவர்களுக்கு ஒருவரின் சம்பளத்தைப் பகிர்ந்துகொள்வது பெரிய காரியம் இல்லை.

இதைப் படிக்கும் முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கும் காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அவர்களை வரச்சொல்லி, உங்கள் பேக்கப்பிலிருந்து போன மாத டேலி கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கணக்கு பார்க்கும் அக்காவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். திறந்து காட்டினால் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.