பெயர் வேறு, பொறி ஒன்று

ஒரு பொருளை மற்றொன்றினின்றும் பிரித்தறிதற்காகவே பெயர்கள் ஏற்பட்டன. கறுத்தக் கொழும்பான் என்றால் ஒரு சுவை. அம்பலவி என்றால் வேறொரு சுவை. பெயர் மாறினால் பொருளும் மாறியிருக்கும் என்று நம்புகின்றோம். அந்த நம்பிக்கையின் மேலேதான் சந்தை நடைபெறுகின்றது. ஆனால், பொருள் ஒன்றாகவே இருக்கப் பெயரை மாத்திரம் மாற்றி, மாற்றிய பெயருக்கு மேலதிக விலையும் பெறும் வழக்கம் மோட்டார் வண்டித் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. மலிவு வண்டியொன்றுக்குச் சிறிது மினுக்கம் ஏற்றி, மதிப்புள்ள பெயரொன்றைச் சூட்டி, சொகுசு வண்டியென விற்கும் அவ்வழக்கத்தைப் பற்றிச் சில கருத்துக்களை இந்த யூபிலி மலரிலே முன்வைக்க விரும்புகின்றோம். மோட்டார் வண்டிக்கும் கல்லூரி மலருக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். இறுதிவரை வாசிப்போர்க்கு அது தானே விளங்கும்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. குடாநாட்டுத் தெருக்களிலே பல்லாண்டுகள் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய பழைய வண்டிகளே போதிய சான்றாகும். பிரித்தானியாவில் ஒஸ்ரின் நிறுவனமும், மொறிஸ் வண்டிகளைச் செய்த நஃபீல்ட் நிறுவனமும் நெடுநாட் போட்டியாளராய் இருந்தவை. 1952ஆம் ஆண்டில் இரண்டும் இணைந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் ஆயின. ஆயினும் பழைய பெயர்களை அவை கைவிடவில்லை. ஒஸ்ரின், மொறிஸ், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. என்னும் ஐந்து பெயர்களும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி விற்பனையாளர் இருந்தனர். தலைமுறை தலைமுறையாக அப்பெயரையே வாங்கிய குடும்பங்களும் இருந்தன.

இத்தாலியரான பினின் ஃபரீனா அந்நிறுவனத்துக்கு ஓர் உடலமைப்பை வரைந்து கொடுத்தார். 1958 டிசெம்பரில் அது வூல்ஸ்லி 15/60 என்னும் பெயருடன் வெளிவந்தது. 1959ஆம் ஆண்டில் அதே உடலமைப்பு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகவும், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகவும், எம்.ஜி. மக்னெற் ஆகவும், றைலி 4/68 ஆகவும் அடுத்தடுத்துப் பிறந்தது. ஐந்திலும் இருந்தது 1,489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒரே வகை இயந்திரம். எம்.ஜி.க்கும் றைலிக்கும் இரட்டைக் காபரேற்றர் பூட்டிச் சிறிது வலுக் கூட்டினர். வூல்ஸ்லிக்கு மரம் பதித்த முகப்பும் தோல் இருக்கையும் கிடைத்தன. முன்புறச் சின்னத்துக்கு இரவில் ஒளிரும் சிறு விளக்கொன்றும் கிடைத்தது. பாதையைக் காட்டும் விளக்கு ஐந்துக்கும் பொது; பெயரைக் காட்டும் விளக்கு விலை கூடிய வூல்ஸ்லிக்கு உரியது.

இதனினும் தெளிவான உதாரணம் மினி வண்டியாகும். 1956ஆம் ஆண்டின் சுயஸ் நெருக்கடி எரிபொருட் பஞ்சத்தை உண்டாக்கியபோது, சிறிய குடும்பங்கள் சிக்கனமாகப் பிரயாணஞ் செய்வதற்கென அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வடிவமைத்தார். 1959இல் அது ஒஸ்ரின் பெயரிலும் மொறிஸ் பெயரிலும் விற்பனைக்கு வந்தது. 1961இல் அதன் பின்னே பொருட்பெட்டி ஒன்றை நீட்டி, முன்னே நிமிர்ந்த கம்பித் தட்டொன்றை நிறுத்தி, வூல்ஸ்லி ஹோர்னெற் எனவும் றைலி எல்ஃப் எனவும் உயர்குடிப் பெயர்கள் இட்டு, உயர்ந்த விலையும் இட்டனர். சிக்கனத்துக்கெனப் பிறந்த பிள்ளைக்கு இரண்டே ஆண்டில் சீமான் வேடம் புனையப்பட்டது.

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் நாம் மறைத்தல் தகாது. வண்டியொன்றின் உடலை அழுத்தியெடுக்கும் அச்சுக்களுக்குப் பெரும் பணம் செலவாகும். இயந்திரமொன்றைப் புதிதாய் ஆக்குவதற்கு ஆண்டுகள் பல வேண்டும். இச் செலவைப் பல வண்டிகளின் மேற் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் மலிவாகும்; உதிரிப்பாகமும் எளிதிற் கிடைக்கும். உறுப்புக்களைப் பொதுவாக்குதல் நல்ல பொறியியலே. நாம் குறைகூறுவது பொதுவாக்குதலை அன்று. பொதுவாக்கியதனால் வந்த மலிவை வாங்குவோனுக்கு ஈயாது, பொதுவாக்கியதையும் அவனுக்கு மறைத்து, வேற்றுமை இல்லாத இடத்தில் வேற்றுமைக்கு விலை கேட்பதையே குறைகூறுகின்றோம்.

இந்தத் தந்திரம் அப்பெயர்களைக் காத்ததா என்றால், அதுவும் இல்லை. முன்னர்த் தனக்கெனச் சிறந்த இயந்திரங்களைச் செய்து புகழ்பெற்ற றைலியின் பெயர் 1969இல் மறைந்தது. வூல்ஸ்லி 1975இல் மறைந்தது. அதே 1975இல், அவற்றின் உடைமையாளராய் இருந்த பிரித்தானிய லேலண்ட் நிறுவனம் நொடித்துப்போய் அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும், ஐந்து பெயர்களும் ஒரே பொருளைக் குறிக்கத் தொடங்கிய நாளிலே அவற்றுள் நான்கு வேண்டாதவை ஆயின என்பதை எவரும் உணரலாம்.

பெயருக்குள் என்ன இருந்தது என்பதை எமது மக்கள் அறிந்துகொண்டது மிகக் கொடிய காலமொன்றிலாகும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது அரிதாயிற்று. அப்பொழுது எமது கராச்களில் வேலை செய்தோர் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். காபரேற்றருக்குட் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயை உண்ணக் கொடுத்தனர். அவ்வியந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவாதலின் அந்த உணவையும் அவை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. கரும்புகையும் நாற்றமும் எழுந்தன. எனினும் வண்டிகள் ஓடின. நோயாளர் வைத்தியசாலைக்குப் போயினர். மணமக்கள் கோயிலுக்குப் போயினர். கேம்பிறிட்ஜின் உறுப்பு ஒக்ஸ்போட்டுக்குப் பொருந்தும் என்பதைக் கையிலே எண்ணெய் படிந்த அத்தொழிலாளர் நன்கு அறிந்திருந்தனர். உறுப்புத் தேடும்போது முன்னே ஒட்டியிருந்த சின்னத்தை எவர் பார்த்தார்? சொகுசென்றும் சிக்கனமென்றும் இருந்த பேதமெல்லாம் அந்த ஆண்டுகளின் மண்ணெண்ணெய்ப் புகையிலே கரைந்தன.

இவ்வழக்கம் பிரித்தானியாவோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலே கடிலாக் என்னும் பெயர் செல்வத்தின் மறுபெயராகவே வழங்கியது. சிறிய ஐரோப்பிய வண்டிகளோடு போட்டியிட விரும்பிய ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனம், தனது மலிவு வண்டியாகிய செவர்லே கவலியரின் உடலையும் 1.8 லீற்றர் இயந்திரத்தையும் எடுத்து, தோல் இருக்கை முதலியன சேர்த்து, 1981இல் கடிலாக் சிமறோன் எனப் பெயரிட்டு வெளியிட்டது. 1914ஆம் ஆண்டுக்குப் பின்னர் நான்கு சிலிண்டர் இயந்திரத்தோடு வந்த முதலாவது கடிலாக் அதுவே. கவலியரின் விலையினும் அதன் விலை ஏறத்தாழ இருமடங்கு. மக்கள் பார்த்தனர், உள்ளே இருப்பது செவர்லே என்பதைக் கண்டுகொண்டனர். 1988இல் சிமறோன் நிறுத்தப்பட்டது. ஆனால் கடிலாக் என்னும் பெயரின்மேல் அது விட்டுச்சென்ற கறை பின்னரும் பல்லாண்டுகள் நிலைத்தது. பல தலைமுறைகள் சேர்த்த நற்பெயரை ஏழே ஆண்டுகளில் ஈடுவைத்துத் தின்றமை அது.

2011இல் அஸ்ரன் மார்ட்டின் என்னும் புகழ்பெற்ற பிரித்தானிய நிறுவனமும் இதே வழியிற் சென்றது. ரொயோட்டாவின் ஐகியூ என்னும் குட்டி வண்டியை எடுத்து, முன்முகத்தை மாற்றி, கையால் தைத்த தோலைப் போர்த்தி, சிக்னெற் எனப் பெயரிட்டு, ஏறத்தாழ 30,000 பவுணுக்கு விற்றது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த புகைக் கட்டுப்பாட்டில் தனது வண்டிகளின் சராசரியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாய்ப் பேசப்பட்டது. ஆண்டுக்கு 4,000 வண்டிகள் விற்கலாம் என நிறுவனம் எண்ணியிருந்தது. விற்றவை சில நூறுகளே. 2013இல் உற்பத்தி நின்றது. நீலச் சாயத் தொட்டியில் வீழ்ந்து காட்டுக்கு அரசனாகிய நரியின் கதையைச் சிறுவயதிற் படித்தவர்களே நாம் எல்லோரும். ஊளையிடும் வரைக்குந்தான் அந்த ஆட்சி.

இனி எமது நாட்டு நிலையை நோக்குவோம். ரொயோட்டா நிறுவனம் 2001 டிசெம்பரில் அலியன், பிறீமியோ என இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றது. யப்பானில் அந்நிறுவனத்துக்கு வெவ்வேறு விற்பனைக் கடைத் தொடர்கள் இருந்தமையே இரு பெயர்கள் வந்ததற்குக் காரணம். முகமும் விளக்கும் உள்ளலங்காரமும் சற்றே வேறு. எலும்பும் தசையும் ஒன்றே. இரண்டிலும் வந்த 1.5 லீற்றர் இயந்திரம் கொறொல்லாவிலும் வந்ததே. 2021இல் இரண்டும் நின்றுவிட்டன. ஆயினும் எமது சந்தையில் பிறீமியோ என்றால் ஒரு தனி மதிப்பு. அதற்கென ஒரு தனி விலை. இங்கே நிறுவனம் எம்மை ஏமாற்றியது என்று சொல்லுதல் நியாயமாகாது. நிறுவனம் செய்யாததை நாமே செய்துகொண்டோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கப்படும்வரை, பழைய வண்டிகளின் விலை புதியனவற்றையும் விஞ்சி ஏறியதை யாவரும் அறிவர். பொருள் அருகும்போது பெயரின் மயக்கம் பெருகும். சுங்கப் பகுதியினரோ சின்னத்துக்கு வரி விதிப்பதில்லை. இயந்திரத்தின் கொள்ளளவையும் இறக்குமதிப் பெறுமதியையும் பார்த்தே விதிக்கின்றனர். வரி வாங்குவோனுக்கு உள்ள தெளிவு விலை கொடுப்போனுக்கு இல்லாமற் போவது விந்தை அன்றோ?

இதனை வெறும் விந்தையென்று விட்டுவிட முடியாமைக்குக் காரணம் உண்டு. சம்பளத்தில் வாழும் இளைஞன் ஒருவன் சின்னத்துக்காக அதிகப்படியாகக் கொடுக்கும் பணம் லீசிங் தவணையாகி, வட்டியோடு ஐந்து ஆறு ஆண்டுகள் அவனைப் பின்தொடர்கின்றது. கடல் கடந்த நாட்டிலே இரவுவேலை செய்யும் தமையன் அனுப்பிய பணமும் அதற்குள் அடங்குகின்றது. சீதனப் பேச்சிலே ‘வண்டி வேண்டும்’ என்பதோடு நில்லாது, ‘இன்ன பெயருள்ள வண்டி வேண்டும்’ என்று கேட்கும் நாவுகளையும் நாம் கேட்டிருக்கின்றோம். அப்பெயருக்கான விலையைப் பெண்ணின் தந்தை காணியை விற்றுக் கொடுக்கின்றார். நகை வாங்கும்போது உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றோம். புகையிலை வாங்கும்போது விரித்து முகர்ந்து பார்க்கின்றோம். இத்தகைய விழிப்புள்ள சமூகம், வாழ்நாளில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும் பணம் கொடுத்து வாங்கும் பொருளை மாத்திரம் நெற்றிப்பொட்டைப் பார்த்து வாங்குவது ஏன்?

‘பெயரால் வரும் மகிழ்ச்சிக்கு ஒருவன் தன் பணத்தைக் கொடுத்தால் உமக்கென்ன?’ என்று கேட்போர் உளர். அறிந்து கொடுப்பவனோடு எமக்கு வழக்கில்லை. மேலும், பொதுவான எலும்புக்கூட்டின்மேல் உண்மையான உழைப்பைச் சேர்ப்பாரும் உண்டு. ரொயோட்டா நிறுவனம் 1989இல் கம்றி வண்டியின் வழியே லெக்சஸ் இஎஸ் 250 என்பதை அவசரமாகத் தோற்றுவித்தது. உலகம் அதைக் கம்றி என்றே கண்டது. இரண்டே ஆண்டுகளில் அதை மாற்றி, பின்வந்தவற்றில் ஓசையடக்கத்திலும் வேலைப்பாட்டிலும் படிப்படியாக வேற்றுமையை உண்மையாக்கியது. அந்த வரிசை நிலைத்தது, சிமறோன் நிலைக்கவில்லை. சேர்த்தது என்ன என்று கேட்டால் விடை கிடைக்கவேண்டும். கிடைத்தால் அது விலை. கிடையாவிடில் அது காணிக்கை.

ஆகவே, வாங்க நினைப்போர் முதலிற் பொனற்றைத் திறக்கட்டும். இயந்திரத்தின் குறியீட்டையும் கொள்ளளவையும் கேட்கட்டும். அதே இயந்திரம் வேறெந்தப் பெயருள்ள வண்டியில் வருகின்றது என்பதையும் கேட்கட்டும். உதிரிப்பாகத்தின் பெட்டியைப் பாராது, பாகத்தின் இலக்கத்தைப் பார்க்கட்டும். விற்பவரின் சொல்லைக் கேட்பதற்கு முன், திருத்துபவரின் சொல்லைக் கேட்கட்டும்.

இனி, நாம் முதலிற் சொன்ன தொடர்புக்கு வருவோம். கல்லூரியும் ஒரு பெயரே. அதன் இலச்சினையும் ஒரு சின்னமே. இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் பாடத்திட்டம் ஒன்று, இலவசப் பாடநூல் ஒன்று, பரீட்சை ஒன்று. எனினும் சிற்றூர்ப் பாடசாலையில் நன்கு படிக்கும் பிள்ளையை இடையிலே பெயர்த்தெடுத்து, பெயர்பெற்ற கல்லூரியொன்றில் இடம் பெறுவதற்காக அலையும் பெற்றோரை நாம் காண்கின்றோம். அவர்கள் விட்டுச்செல்லும் சிறிய பாடசாலைகளில் வாங்குகள் வெறுமையாகின்றன. பெரிய கல்லூரி அப்பிள்ளைக்கு நல்ல ஆய்வுகூடத்தையும், அகன்ற விளையாட்டிடத்தையும், அக்கறையுள்ள ஆசிரியரையும் கொடுக்குமாயின் அது சேர்த்த பொருள். கழுத்துப்பட்டியை மட்டும் கொடுக்குமாயின் அது வூல்ஸ்லியின் நெற்றி விளக்கே.

பழைய மாணவராகிய நாம் ‘இந்துவின் மைந்தர்’ என்று மார்தட்டுவதில் மகிழ்ச்சி காண்கின்றோம். அம்மகிழ்ச்சி தவறன்று. ஆனால் அப்பெயர் நமது உழைப்பினால் மட்டும் வந்ததன்று. முன்னோர் ஈட்டி வைத்துச் சென்ற முதல் அது. றைலியின் பெயரும் கடிலாக்கின் பெயரும் அவ்வாறே முன்னோர் ஈட்டியவை. பின்னோர் அவற்றை மலிவுப் பொருளின்மேல் ஒட்டித் தீர்த்தனர். இச் சின்னத்தை அணிந்து வெளியேறும் ஒவ்வொரு மாணவனும், அது இல்லாமலே தன்னை எவரும் மதிக்கத்தக்க அறிவும் நேர்மையும் உடையவனாய் இருத்தல் வேண்டும். இவ்விழா ஆண்டில் புதிய வளைவுகளும் பெயர்ப்பலகைகளும் எழும்பும், எழும்பட்டும். அவற்றோடு, வசதி குறைந்த அயற்பாடசாலையொன்றுக்கு விஞ்ஞான ஆசிரியர் ஒருவரது வேதனத்தையேனும் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்குமாயின், நமது பெயருக்குள்ளே பொறியும் இருக்கின்றது என்பதை உலகம் கேளாமலே அறிந்துகொள்ளும்.