போர்டுக்கு வா!



“எழுந்து வந்து போர்டில் போட்டுக் காட்டு” என்று கணக்கு வாத்தியார் சொன்னதும் வயிறு கலங்காதவர் நம்மில் எத்தனை பேர்? அமெரிக்காவின் யேல் கல்லூரியில் 1830-இல் இதற்காக ஒரு கலகமே நடந்திருக்கிறது. அதுவரை புத்தகத்துப் படத்தைப் பார்த்தபடியே கூம்பு வளைவுகளை விளக்கிவந்தார்கள் மாணவர்கள். இனிப் புத்தகத்தை மூடிவிட்டு, படத்தைக் கரும்பலகையில் நீங்களே வரைய வேண்டும் என்றது கல்லூரி. முடியவே முடியாது என்று நின்றார்கள். 96 பேர் இருந்த வகுப்பில் 43 பேரை வெளியேற்றினார்கள். வேறு கல்லூரிகளும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாதபடி தகவல் போனது. நியாயம் கல்லூரியின் பக்கம்தான். ஆனாலும் என் மனசு என்னவோ பையன்கள் பக்கமே சாய்கிறது. தெரியாததை நாலு பேர் முன்னால் தெரியாது என்று காட்டிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்?

கரும்பலகையை வகுப்புக்குள் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் ஜேம்ஸ் பில்லன்ஸ். 1810-இல் எடின்பரோ உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரானவர். வண்ணச் சாக்பீஸால் பூகோளம் நடத்தியவர். பெரிய வகுப்பைச் சமாளிக்க மாணவர்களையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அந்த உத்தி கப்பலேறியது நம்மூரிலிருந்துதான்! எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அங்கே பிரபலமானது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு இதில் ஒரு பைசா ராயல்டி வரவில்லை.

ஆனால் பலகை நம் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்து சேர ரொம்ப நாளாயிற்று. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு கரும்பலகையாவது வேண்டும் என்று மத்திய அரசு ‘கரும்பலகைத் திட்டம்’ போட்டதே 1987-இல்தான். பலகை இருந்த பள்ளிகளிலும் அது வெளுத்துப்போனால் பிள்ளைகள்தான் கதி. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, கை முழங்கை எல்லாம் கருக்கப் பூசிவிட்டு, காயும்வரை வகுப்பு இல்லை என்ற குஷியில் மரத்தடிக்கு ஓடியவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

வாத்தியார் அந்தப் பக்கம் போனதும் சாக்பீஸ் லீடர் கைக்கு வந்துவிடும். ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர்கள், சில பெயருக்குப் பக்கத்தில் ‘அடங்கவில்லை’. வேண்டியவன் பெயர் சத்தமில்லாமல் அழியும், கடலைமிட்டாய் கைமாறும். அதிகாரம் எப்படி நடக்கிறது என்பதைக் குடிமையியல் பாடத்தைவிட இந்தப் பட்டியல் நன்றாகவே சொல்லிக்கொடுத்தது.

உங்கள் வகுப்புப் பலகைக் கதைகளை எழுதி அனுப்புங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். ‘அடங்கவில்லை’ பட்டியலில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை. லீடராக இருந்தவர்களும் எழுதலாம். கடலைமிட்டாய்க் கணக்கை மறைக்கக் கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்