மைக்குக்கும் கீபோர்டுக்கும் நடுவே

கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வாழும் சங்கீதப் பிரியர்கள், ஷிப்டு வேலைக்கு நடுவே பஜனைக்கென்றும் ஜெபக்கூட்டத்துக்கென்றும் சேர்த்த பணத்தில் ஒரு கீபோர்டும், மேடைப் பாடகர் கையில் கண்ட மாதிரியே ஒரு தரமான மைக்கும் வாங்கிவந்து, ஒன்றை மற்றொன்றில் செருகினால் கச்சேரி ஆரம்பமாகிவிடும் என்று நம்புவது இயல்பே. இரு முனையும் பொருந்துகிற கேபிள் ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டு, துவாரத்தில் பொருந்துவது வேறு, மின்சாரத்தில் பொருந்துவது வேறு என்பதைச் சொல்லாமல் விடுகிற வியாபாரிகள்தாம் இதில் குற்றவாளிகள் என்பது என் அபிப்பிராயம்.

1966-இல் வெளிவந்து இன்றும் மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக், குரலை மின்சாரமாக்கித் தருவது சில மில்லிவோல்ட் அளவே; கீபோர்டின் 'ஆக்ஸ் இன்' துவாரமோ ஏறத்தாழ 0.3 வோல்ட்டை எதிர்பார்ப்பது. அதனால் பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வாத்தியமே மேலோங்கும். இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. மைக்கின் மூன்று பின்களில் ஒன்று எர்த். மற்ற இரண்டும், வழியில் சேரும் இரைச்சலைக் கழிப்பதற்காக, ஒரே குரலை எதிரெதிராகச் சுமந்து வருபவை. அவற்றை ஸ்டீரியோ பின்னில் பற்றவைத்து ஆக்ஸில் செருகினால், ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமுமாகப் பிரிந்து, பிறகு மோனோ பெட்டியில் ஒன்றுசேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குரல் அநேகமாக மறைந்தே போகும். நல்ல மைக்கைப் பழுதென்று திருப்பிக்கொடுக்கப் புறப்படுகிறவர்கள் இப்படித்தான் உண்டாகிறார்கள்.

யமஹா பி.எஸ்.ஆர்.-எஸ்.எக்ஸ்.900 போன்ற உயர்ந்த கிரயத்துக் கீபோர்டுகளில் மைக்குக்கென்றே தனித் துவாரம் உண்டு. டைனமிக் மைக்குக்கு அது போதும். 48 வோல்ட் பாண்டம் மின்சாரம் கேட்கும் கண்டென்ஸர் மைக்குக்கு அதுவும் பிரயோஜனப்படாது. அப்படிப்பட்ட கீபோர்டு இல்லாதவர்கள் மைக்கின் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சிறிய மிக்ஸர் ஒன்று வாங்கி, மைக்கை ஒரு சானலிலும் கீபோர்டின் அவுட்டை இன்னொன்றிலும் கொடுப்பதே உத்தமம். குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். இவற்றை வாங்க ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன், ஊர் மைக் செட்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவரிடமுள்ள பழைய அஹூஜா ஆம்ப்ளிஃபயரிலேயே மைக்குக்கு வேறு, ஆக்ஸுக்கு வேறு என்று துவாரங்களும் திருகுகளும் இருக்கக்கூடும். இருந்தால், புதிதாக வாங்கவேண்டியது ஒரு கேபிள் மட்டுமே.